நிறுத்தி வைத்த காரை யாரோ இடித்துவிட்டுப் போனால்: காப்புறுதியா, கைக்காசா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: நேற்று ராத்திரி மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், ஓரமாக நிறுத்தியிருந்த உங்கள் மைவி காரின் பின் பம்பர் பிளந்திருக்கிறது, இடது பின்விளக்கு உடைந்திருக்கிறது, பின்கதவில் நீளமாக ஒரு கீறல். இடித்தவர் யாரென்று தெரியவில்லை. பட்டறையில் 850 வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார்கள். காப்புறுதி ஏஜெண்டோ "கிளெய்ம் போடுங்க, அதுக்குத்தானே வருஷா வருஷம் கட்டுறீங்க" என்கிறார். கார் 7 வருஷப் பழசு, உங்கள் பெயருக்கு மாறி இது மூன்றாவது வருஷம், கிளெய்ம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு, அதாவது என்சிடி, 30 விழுக்காடு. மதுரையில் பம்பர் கீறினால்கூடக் கிளெய்ம் போட்டுப் பழக்கம். இங்கே என்ன செய்வது?

கைக்காசில் செய்துகொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் இன்றைக்கே போலீஸ் புகார் கொடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

நானும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள்தான். இங்கே ஒரு லாரி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளுக்கு ரோட்டெக்ஸ் (சாலை வரி), காப்புறுதி, விபத்துப் புகார் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். லாரிக்கு என்சிடி அளவு வேறு. காருக்கு உள்ளதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நம்ம தமிழ்நாட்டில் இதே கழிவை நோ கிளெய்ம் போனஸ் என்பார்கள், அது வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும் கழியும். அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான மூன்றாம் தரப்புப் பிரீமியம் அப்படியே நிற்கும். அதனால் ஒரு வருஷம் போனஸ் போனாலும் அவ்வளவாக உறைக்காது. மலேசியாவில் முழுக் காப்புறுதி எடுத்தால் அடிப்படைப் பிரீமியம் மொத்தத்துக்கும் என்சிடி கழிகிறது. கழிவும் பெரிசு. ஒரு வருஷம் கிளெய்ம் இல்லாவிட்டால் 25 விழுக்காடு, அடுத்து 30, அப்புறம் 38.33, 45, ஐந்தாம் வருஷம் முடிந்தால் 55. அதற்கு மேல் ஏறாது. ஒரே ஒரு கிளெய்ம் சொந்தப் பாலிசியில் போட்டாலும் எந்தப் படியில் நின்றாலும் நேராகச் சைபர். 850 வெள்ளிக்குப் போட்டாலும் சைபர், 8,500க்குப் போட்டாலும் சைபர்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மைவிக்கு என்சிடி கழிப்பதற்கு முன் பிரீமியம் 1,100 வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். போன வருஷ ரசீதில் அந்த வரி தனியாக இருக்கும், பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கிளெய்ம் போடாவிட்டால் வரும் புதுப்பிப்பில் 38.33, பிறகு 45, 55, 55, 55 என்று போகும். போட்டால் 0, 25, 30, 38.33, 45. இரண்டு வரிசைக்கும் உள்ள இடைவெளியை வருஷ வாரியாக எழுதினால்: 422 வெள்ளி, 220, 275, 183, 110. கூட்டினால் 1,210. இதன் மேல் 8 விழுக்காடு சேவை வரி வேறு, ஆக 1,300ஐ ஒட்டி வரும். கார் பழசாகப் பழசாகக் காப்புறுதித் தொகை இறங்கும், பிரீமியமும் கொஞ்சம் இறங்கும் என்பதால் நிஜத்தில் இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனாலும் ஆயிரத்தைத் தொடும்.

அந்தப் பக்கம் கைக்கு வருவது என்ன? 850 முழுசாக வராது. 5 வருஷமும் அதற்கு மேலும் ஆன காருக்குப் புது ஒரிஜினல் சாமான் மாற்றினால், பழசுக்குப் பதில் புதுசு கிடைத்த லாபம் என்று ஒரு பங்கை உங்களிடம் வாங்குவார்கள். இங்கே எல்லோரும் பெட்டர்மென்ட் என்பார்கள். 5 வருஷக் காருக்கு 15 விழுக்காடு, 7 வருஷத்துக்கு 25, 10 வருஷமும் அதற்கு மேலும் என்றால் 40. பம்பரும் விளக்கும் 400 வெள்ளி என்றால் அதில் 100 உங்கள் தலையில். கம்பெனி தருவது 750. எழுநூற்றைம்பது வாங்கிக்கொண்டு ஆயிரத்துக்கு மேல் திருப்பிக் கட்டுவதற்கு எதற்குப் படிவம் நிரப்பி, ஆள் வந்து பார்க்கக் காத்திருந்து, ஒரு வாரம் கார் இல்லாமல் அலைய வேண்டும்? ஏஜெண்டைக் குறை சொல்லவில்லை. அவர் இந்த வருஷ ரசீதைப் பார்க்கிறார், நீங்கள் ஐந்து ரசீதைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒன்றை நீங்கள் சொல்லவில்லை: உங்கள் வேலைப் பெர்மிட் எத்தனை வருஷத்துக்கு? இரண்டே வருஷத்தில் காரை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பப் போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன கணக்கில் முதல் இரண்டு வருஷம்தான் உங்களுடையது. 642 வெள்ளி, வரியோடு 690 சொச்சம். அப்போது 750 வாங்குவது நஷ்டமில்லை, அலைச்சல் மட்டும்தான் மிச்சம். இங்கேயே இருக்கப்போகிறவர்கள் என்சிடியைச் சொத்து மாதிரி பார்க்கிறார்கள் என்றால் காரணம் உண்டு. அது காரோடு போகாது, ஆளோடு இருக்கும். இந்த மைவியை விற்று வேறு கார் எடுத்தாலும் அதே 38ஐயோ 45ஐயோ புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். புதுக் காருக்குப் பிரீமியம் இரண்டாயிரம், மூவாயிரம் என்று வரும்போது அந்தப் படியின் மதிப்பு இன்னும் கூடும். அடுத்த வருஷம் குடும்பத்தை அழைத்துவந்து பெரிய கார் வாங்கும் எண்ணம் இருந்தால் சைபரில் போய் நிற்காதீர்கள்.

உங்களைப் போல இல்லாமல், கார் வாங்கி முதல் வருஷம், என்சிடி இன்னும் சைபர் என்பவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்கள் ஒவ்வொரு படியும் ஒரு வருஷம் பிந்திப் போவார்கள், அவ்வளவுதான். ஐந்து வருஷத்தில் இழப்பது பிரீமியத்தில் 55 விழுக்காடு, அதாவது இதே காருக்கு 605 வெள்ளி. 55இல் நிற்பவர் இழப்பது 136 விழுக்காட்டுக்கு மேல், 1,500 வெள்ளி. "எவ்வளவு சேதம் என்றால் கிளெய்ம் போடலாம்?" என்று யாராவது உங்களிடம் பொத்தாம்பொதுவாக ஒரு தொகை சொன்னால் காதில் வாங்காதீர்கள். உங்கள் படியைக் கேட்காமல் அதைச் சொல்லவே முடியாது. எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பது மைகார்இன்ஃபோ இணையத்தளத்தில் தெரியும்.

இனி புகார். கைக்காசில் செய்வதென்றால் போலீசுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இடித்தவர் கிடைத்துவிட்டால் கதை தலைகீழாக மாறும், அதற்குத்தான். பாசார் மாலாம் நடக்கும் தெருவில் கடைகள் இருக்கின்றன, கடைக்குக் கேமரா இருக்கும், பக்கத்தில் நின்ற காரில் டேஷ்கேம் இருக்கும். நாளைக்கோ மறுநாளோ ஒரு நம்பர் பிளேட் கிடைத்தால், மூன்றாம் தரப்புக் கிளெய்ம் என்று அவருடைய காப்புறுதியில் கேட்கலாம். உங்கள் என்சிடியை யாரும் தொட முடியாது. கார் பட்டறையில் நிற்கும் நாட்களுக்குக்கூட ஒரு தொகை கேட்க வழி உண்டு. இரண்டு பேருக்கும் முழுக் காப்புறுதி இருந்து, தப்பு அவர் பக்கம் என்று போலீசில் முடிவானால் இன்னும் சுலபம்: தப்பு யார் பக்கமானாலும் அவரவர் காருக்கு அவரவர் கம்பெனியே பணம் கொடுக்கும் நாக்-ஃபார்-நாக் முறையில் உங்கள் கம்பெனியிலேயே கேட்கலாம், அப்போதும் என்சிடி அப்படியே இருக்கும். இடித்தது மோட்டார் சைக்கிள் என்றால் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் வைத்திருப்பார்கள், அதற்கு அவருடைய காப்புறுதியில் கேட்கும் முதல் வழிதான். இதில் எதற்குப் போனாலும் முதல் காகிதம் போலீஸ் புகார். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 24 மணி நேரம் என்கிறது. தாண்டிப் போனால் ஏன் தாமதம் என்ற கேள்வியில் தொடங்க வேண்டும். கேமராப் பதிவும் சில நாளில் அழிந்துவிடும், ஆகவே காலையில் கடைக்காரர்களிடம் கேட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் போக்குவரத்துப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அங்கே நீங்கள் சொல்வதைப் போலீஸ்காரர் மலாயில் தட்டச்சு செய்வார். நீட்டிய காகிதத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். மலாய் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். கார் நின்றுகொண்டிருந்தது, நீங்கள் உள்ளே இல்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும். "லங்கார்" (இடித்தல்) என்ற மலாய்ச் சொல் வந்தால் இடித்தது யார், இடிபட்டது யார் என்று வாக்கியத்தை முழுக்கப் படியுங்கள். எங்கள் டிரைவர் ஒருவரின் புகாரில் இது மாறிப்போய், திருத்தப் புகார் கொடுக்க மறுபடி போக வேண்டியதாயிற்று. அடுத்தது நேரம்: நிறுத்திய நேரம் எது, திரும்பிவந்து பார்த்த நேரம் எது என்று இரண்டும். கடைசியாகச் சேதப் பட்டியல். பம்பர், விளக்கு, கதவு மூன்றும் இருக்கட்டும். கதவு விட்டுப்போனால் பிறகு "அது பழைய கீறல்" என்று எதிர்க் கம்பெனி கையை விரித்துவிடும். மஞ்சள் கோட்டில் நிறுத்தியிருந்தீர்களா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது.

புகார் கொடுத்ததால் மட்டும் என்சிடி போகாது, பயப்படாதீர்கள். கிளெய்ம் போட்டால்தான் போகும். பாலிசி விதிப்படி 7 நாளுக்குள் உங்கள் கம்பெனிக்கும் ஒரு தகவல் எழுதிவிடுங்கள், "தெரியப்படுத்த மட்டும், கிளெய்ம் இல்லை" என்று தெளிவாக.

இடித்தவரே வந்து "காசு கொடுத்துடறேன், புகார் வேணாம்" என்றால்? இங்கே சகஜம்தான். தப்பு அவர் பக்கம் என்றானால் போலீஸ் அபராதம் 300 வெள்ளி வரை விழும், அதைத் தவிர்க்கப் பார்ப்பார். பட்டறை விலையை முழுசாக அன்றைக்கே கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். "பாதி இப்போ, பாதி சம்பளம் வந்ததும்" என்றால் நேராகப் போலீஸ் நிலையம்.

பட்டறைக்காரர் இன்னொன்றும் சொல்லியிருப்பார், நீங்கள் எழுதவில்லை என்றாலும்: "காப்புறுதில போடுங்க, இந்தப் பக்கத்தையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டி முழு சைடும் புது சாயம் அடிச்சுத் தரேன்." சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடுங்கள். இல்லாத சேதத்துக்குப் புகாரும் கிளெய்மும் கொடுப்பது குற்றம். வேலைப் பெர்மிட்டில் இருக்கிறவருக்கு இந்த வம்பு ஆகவே ஆகாது.

சரி, 850 வெள்ளியைக் குறைக்கலாமா? குறைக்கலாம். விலையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பின்விளக்கு முதலில், எரியாத விளக்கோடு ஓடினால் சம்மன். ஈப்போவில் பழைய சாமான் கடைகளில் மைவி விளக்கு கிடைக்காமல் இருக்காது, நல்ல நிலையில் பாதி விலைக்கு வரும். அடுத்தது கதவு. விரல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டி, உள்ளே தகரம் பளபளவென்று தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். பேராக்கில் பெய்கிற மழைக்குத் துரு ஊறிக் கதவின் அடிவரை போய்விடும். நகம் மாட்டாமல் வெள்ளையாகத் தெரிந்தால் அது மேல்பூச்சுக் கீறலாகவோ இடித்த வண்டியின் சாயமாகவோ இருக்கும், பெரும்பாலும் தேய்த்தாலே போய்விடும், ஸ்பிரே வேண்டாம். பம்பர் பிளாஸ்டிக். துருப் பிடிக்காது. பிளவு சின்னதாக இருந்தால் உள்பக்கம் சூட்டுக் கம்பி வைத்து ஒட்டித் தருவார்கள், புதுசு மாற்றுவதில் கால்வாசிகூட ஆகாது. என் காரின் பம்பர் அப்படித்தான் ஓடுகிறது, யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இந்த ஊரில் இருப்பவர் என்பதால் இன்னும் இரண்டு. புதுப்பிக்கும்போது முன்கண்ணாடிக்கு மட்டும் தனிச் சேர்க்கை எடுங்கள். கண்ணாடி விலையில் 15 விழுக்காடுதான் கட்டணம். தோட்டச் சாலையில் குலை லாரிக்குப் பின்னால் போனால் கல் தெறிக்காமல் இருக்காது, அந்தக் கிளெய்மால் என்சிடிக்கு ஒன்றும் ஆகாது. வீட்டு வாசலில் ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்துகிறீர்கள் என்றால், புயல் காற்றில் கிளை முறிந்து விழுவது சாதாரண முழுக் காப்புறுதியில் வராது, வெள்ளமும் வராது. இயற்கைச் சீற்றத்துக்கான சேர்க்கை தனி. ஏஜெண்டிடம் கிளெய்ம் வேண்டாம் என்று சொல்லப்போகும் அதே அழைப்பில் இந்த இரண்டுக்கும் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.