பக்கவாதத்துக்குப் பூச்சி விஷத்தில் மருந்து வந்துவிட்டதா?

"பூச்சி விஷத்தில் பக்கவாதத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாமே, அப்பாவுக்கு வந்து 2 வருடம் ஆகிறது, இப்போது கொடுக்கலாமா? தேனீயைக் கொட்டவைத்துக் குணமாக்குகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. வந்தாலும் உங்கள் அப்பாவுக்கு உதவாது. தேனீக்காரரிடம் போகவே போகாதீர்கள். நான் டாக்டர் இல்லை. மும்பை மாட்டுங்காவில் மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்கிறவன். ஆனால் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

பெரியப்பா தாராவியில் இட்லி வியாபாரம். திருநெல்வேலியிலிருந்து வந்து, விடியுமுன்னே சைக்கிள் கேரியரில் அண்டாவைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர். அன்றைக்கு நாலரை மணிக்குப் பெரியம்மா கண் விழித்தபோது அவர் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடப் போட வலது கையிலிருந்து கயிறு நழுவுகிறது. கேட்டால் வாய் குழறுகிறது. "காத்து அடிச்சிருக்கு, எண்ணெயைத் தேய்ங்க" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவரும் உண்டு. ஏழு மணிக்குத் தெரு முனை டாக்டர் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்தார். அங்கிருந்து ஒரு நர்சிங் ஹோம். அங்கே ஸ்கேன் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது பத்தரை.

அங்கே டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவர் நல்லா இருந்ததைக் கடைசியா யார், எப்போ பார்த்தீங்க?" எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. முந்தின இரவு பத்து மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார். கணக்கு அங்கிருந்துதான் தொடங்குமாம். பன்னிரண்டரை மணி நேரம்! ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட உள்ளே மெல்லிய டியூப் விட்டுக் கட்டியை எடுக்கிறார்கள். அவருக்கு அடைத்தது சின்ன ரத்தக்குழாய், அதனால் இரண்டு வழியும் இல்லை.

அதனால்தான் அந்த விஷச் செய்தி என்னை உட்கார்ந்து படிக்கவைத்தது. முதலில், அது பூச்சியே இல்லை, சிலந்தி. ஆஸ்திரேலியாவின் புனல்வலைச் சிலந்தி. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கிளென் கிங் குழு, கரையோரத் தீவொன்றில் பிடித்த மூன்று சிலந்திகளிடம் விஷம் கறந்து, அதில் எச்ஐ1ஏ என்ற சின்னப் புரதத்தைக் கண்டுபிடித்தது. 2017-ல் முடிவுகள் வெளியாயின.

வேலை செய்யும் விதம் இட்லிக் கடைக்காரர் வீட்டுக்குச் சட்டென்று புரிகிறது. ரத்தம் வராத மூளைப் பகுதியில் அணுக்கள் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரித்துச் சமாளிக்கப் பார்க்கும். அப்போது அந்த இடம் புளித்துவிடும். மாவில் சேருகிற அதே லாக்டிக் அமிலம்தான். நரம்பணுவின் மேல்சுவரில் புளிப்பு ஏறினால் திறந்துகொள்ளும் வாசல் ஒன்று உண்டு, ஏஎஸ்ஐசி1ஏ என்று பெயர். அது திறந்தால் சோடியமும் கால்சியமும் உள்ளே புகுந்து அணு செத்துப்போகிறது. எச்ஐ1ஏ அந்த வாசலைச் சாத்திவிடுகிறது. அடைப்பு ஏற்பட்டு 8 மணி நேரம் கழித்து ஒரே ஒரு டோஸ் கொடுத்தும், எலிகளின் மூளைச் சேதம் ஏறக்குறைய 65 சதவீதம் குறைந்தது. கட்டியைக் கரைக்கும் ஊசி, ரத்தக்கசிவால் வந்த வாதத்தில் ஆளையே கொன்றுவிடலாம். அதனால் ஸ்கேன் பார்க்காமல் போட முடியாது. எச்ஐ1ஏ கட்டியைத் தொடுவதில்லை. ஆம்புலன்ஸிலேயே போட்டுவிடலாமே என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் ஆசை.

ஆனால் எலிகளுக்கு அந்த மருந்தை மூளைக்குள்ளேயே நேராகச் செலுத்தினார்கள். ஆம்புலன்ஸில் அது நடக்காது. எலியைக் காப்பாற்றி மனிதனிடம் தோற்ற பக்கவாத மருந்துகளும் ஏராளம். மலேயாக் குழிவிரியன் விஷத்திலிருந்து எடுத்த ஆன்கிராட், ஐரோப்பாவில் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் பலன் காட்டவில்லை, ரத்தக்கசிவைத்தான் கூட்டியது. அதற்காக விஷத்தில் மருந்தே கிடையாது என்று சொல்லமாட்டேன். பிரேசில் விரியன் விஷத்தை ஆராய்ந்து பிறந்த பிரஷர் மாத்திரை கேப்டோபிரில், 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் தம்பிமாரான அதே வகை மாத்திரைகள் எங்கள் கடையில் தினமும் விற்பனையாகின்றன. ஆனால் அவை விஷம் அல்ல, விஷத்தைப் பார்த்து ஆய்வகத்தில் செய்த மாத்திரைகள்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். சாகப்போகிற அணுவைப் பிடித்து நிறுத்துவதுதான் எச்ஐ1ஏ-யின் வேலை. 2 வருடத்துக்கு முன் செத்த அணுவை அது எழுப்பாது. தேனீ விஷம் வேறு சரக்கு. ஒத்துக்கொள்ளாத உடம்பென்றால் ஒரே கொட்டில் தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிடும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு ஏற்கெனவே ரத்தம் உறையாமல் இருக்கவும் பிரஷருக்கும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் இது எதற்கு?

அந்தப் பணத்தை பிசியோதெரபிக்குக் கொடுங்கள். 2 வருடம் ஆனபிறகும் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவுக்கு ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். "இதென்னல, சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று தூக்கி எறிந்துவிட்டார். பிறகு சப்பாத்தி மாவைக் கொடுத்தோம். தினமும் சாயங்காலம் வலது கையால் அரை மணி நேரம் பிசைகிறார். இப்போது கயிறு நழுவுவதில்லை, முடிச்சு மட்டும் இறுகமாட்டேன் என்கிறது. அந்த மாவில் சுட்ட சப்பாத்தியை அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை.