அம்மாவின் சங்கீதமும் தம்பியின் வரைபடமும்

கேள்வி: ஐயா, எங்களுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். பரம்பரையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி இப்போது வேறொரு ஐக்கியத்துக்குப் போகிறான். ஊருக்கு வந்தபோது ஏழு காலங்கள் போட்ட வரைபடம் ஒன்றை விரித்து, "அந்தக் காலத்து ஆளுங்க மோசே கொடுத்த சட்டமான நியாயப்பிரமாணத்தால இரட்சிக்கப்பட்டாங்க, நாமதான் கிருபையால. மலைப்பிரசங்கம்கூட யூதருக்குத்தான்" என்றான். அம்மா தினமும் பொழுது சாய்ந்ததும் 51-ஆம் சங்கீதத்தைச் சொல்லி ஜெபிப்பார். "பரிசுத்த ஆவியை எடுத்துக்கொள்ளாமலிரும்னு நீ கேக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டான். இப்போது அந்த வசனம் வந்ததும் அம்மா நிறுத்திவிடுகிறார். தேவன் காலத்துக்குக் காலம் வழியை மாற்றுகிறவரா?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்: அந்தச் சங்கீதத்தை முழுவதுமாகச் சொல்லட்டும், ஒரு வரியும் விட வேண்டாம்.

தம்பி சொல்வதெல்லாம் தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலங்களுக்குள் வித்தியாசம் உண்டு என்பது வேதத்திலேயே இருக்கிறது. நாம் ஆடு பலியிடுவதில்லை. யூதரல்லாத புறஜாதியார் விருத்தசேதனம் பண்ண வேண்டியதில்லை என்று எருசலேமில் கூடி முடிவு செய்ததை அப்போஸ்தலர் 15-இல் படிக்கிறோம். "பங்குபங்காகவும் வகைவகையாகவும்" தேவன் பேசினார் என்றுதான் எபிரெயர் நிருபமே தொடங்குகிறது. அவன் காட்டிய ஏழு பிரிவு, குற்றமில்லாமை, மனச்சாட்சி, மனித ஆளுகை, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம், கிருபை, ராஜ்யம் என்று போகும். 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி வளர்த்த போதனையை ஒட்டியது அது. 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் மூலம் உலகமெங்கும் பரவியது. அதற்கு முன்பே, 1640-களில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, ஆதாம் பாவத்தில் விழுந்த பிறகு எல்லாக் காலத்துக்கும் ஒரே கிருபையின் உடன்படிக்கைதான், அதை நடத்தும் முறைதான் மாறியது என்றது. என் மனம் இந்த இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது.

உங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது எளிதாகப் புரியும். கீழ்பவானி வாய்க்காலில் ஒரு போகம் ஒற்றைப்படை மதகு, அடுத்த போகம் இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் திறக்கிறார்கள். நெல்லுக்கு ஒரு முறை, கடலைக்கு ஒரு முறை. எந்த மதகில் வந்தாலும் அது பவானிசாகர் தண்ணீர்தானே?

இனி ரோமர் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை. விசுவாசத்தால் நீதி என்பதற்கு பவுல் இரண்டு சாட்சிகளைக் கூப்பிடுகிறார். ஒருவர் ஆபிரகாம். நியாயப்பிரமாணம் வருவதற்கு 430 வருஷத்துக்கு முன்பே வாக்குத்தத்தத்தைப் பெற்றவர் (இந்தக் கணக்கு கலாத்தியர் 3-இல் இருக்கிறது). இன்னொருவர் யார்? தாவீது! நியாயப்பிரமாணத்தின் நடுவில் பிறந்து, வளர்ந்து, அரசாண்ட மனிதர். கிரியைகள் இல்லாமல் நீதிமானாக எண்ணப்படுகிறவனுடைய பாக்கியத்தைப் பற்றி அவரே பாடியிருக்கிறார் என்று 32-ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டுகிறார் பவுல். தாவீது நியாயப்பிரமாணத்தால் இரட்சிக்கப்பட்டார் என்றால் பவுலின் வாதமே நிற்காது.

அம்மாவின் சங்கீதத்தையே பாருங்கள். விபசாரம், கொலை இரண்டும் செய்தவர் தாவீது. அந்தப் பாவங்களுக்கு மோசேயின் சட்டத்தில் மரண தண்டனைதான் உண்டு, ஆடு கொண்டுவந்து தப்பிக்க வழியில்லை. அது தெரிந்துதான் "பலியை நீர் விரும்புகிறதில்லை" என்கிறார். நொறுங்குண்ட இருதயத்தை மட்டும் கொண்டுபோய் வைக்கிறார். இது கிருபையைத் தேடி வந்தவனுடைய ஜெபம் இல்லையா?

ஆவியைப் பற்றிய வரியில் தம்பியின் கவலையிலும் நியாயம் உண்டு. விசுவாசிகள் மீட்கப்படும் நாளுக்கென்று ஆவியால் முத்திரையிடப்பட்டவர்கள் என்று எபேசியர் 4:30 சொல்கிறது. ஆனால் அதே வசனம்தான் ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள் என்றும் எச்சரிக்கிறது. அந்தப் பயத்தோடு ஜெபிக்கிற தாயை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

தம்பியிடம் அம்மா முன்னால் வாதாட வேண்டாம். வேதத்தை இவ்வளவு ஆர்வமாகப் படிக்க ஆரம்பித்திருக்கிறானே, அது சந்தோஷப்பட வேண்டிய காரியம். அதை வாய்விட்டே சொல்லுங்கள். அப்புறம் இருவருமாக உட்கார்ந்து ரோமர் 4-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஸ்கோஃபீல்டு வேதாகமத்தை 1967-இல் திருத்தி வெளியிட்டவர்களே, எந்தக் காலத்திலும் இரட்சிப்பு விசுவாசத்தால்தான் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். அவன் பக்கத்து ஆட்கள் சொன்னது என்றால் காது கொடுப்பான்.

மலைப்பிரசங்கத்துக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. சகல ஜாதிகளையும் சீஷராக்கி, தாம் கட்டளையிட்ட "யாவையும்" அவர்கள் கைக்கொள்ளும்படி உபதேசிக்கச் சொன்னார் இயேசு. மத்தேயு 28-இன் கடைசி வசனங்கள் அவை. அந்த "யாவையும்" என்பதில் மலைப்பிரசங்கம் இருக்கும் ஐந்து, ஆறு, ஏழாம் அதிகாரங்கள் சேராது என்று எதை வைத்துச் சொல்கிறான் என்று அவனிடமே கேளுங்கள். பதில் சொல்ல அவகாசமும் கொடுங்கள்.