போக இரண்டரை, வர ஏழா?

கேள்வி: டோஹாவில் வேலை செய்யும் தம்பி அம்மாவுக்கு டிக்கெட் அனுப்பியிருக்கிறான். கட்டுநாயக்கவில் விடிய 4.10க்கு ஏறி, காலை 6.40க்கு இறங்குவதாம். திரும்பும்போது இரவு 7.00க்கு ஏறி, 2.00க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. போக இரண்டரை மணித்தியாலம், வர ஏழா? அம்மாவுக்குச் சீனி வருத்தம், காலையும் இரவும் இன்சுலின் போடுகிறவர். எந்தக் கணக்கை நம்புவது?
- ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: டிக்கெட்டில் பிழை இல்லை தங்கச்சி. ஏறும் நேரத்தை ஏறுகிற ஊர் மணிப்படியும் இறங்கும் நேரத்தை இறங்குகிற ஊர் மணிப்படியும்தான் போடுவார்கள். கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே காலை 6.40 என்றால் உங்கள் வீட்டு மணிக்கூட்டில் 9.10, ஆகவே அம்மா வானத்தில் இருப்பது 5 மணித்தியாலம். வரும்போது நாலரை.

கட்டுநாயக்கவிலிருந்து டோஹா நேர்கோட்டில் ஏறக்குறைய 3,600 கிலோமீற்றர். கேரளாவைத் தாண்டி அரபிக் கடலுக்கு மேலால் போகிற பாதை அது. விமானம் மணிக்கு 850 கிலோமீற்றர் அளவில் பறந்தாலும், ஏறவும் இறங்கவும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் நேரம் பிடிக்கும். போகும்போது மேலே மேற்குக் காற்று எதிர்த்து அடிக்கும், வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். மார்கழி, தை மாதங்களில் இந்த வித்தியாசம் இன்னும் கூடத் தெரியும்.

ஆனால் எனக்குக் கவலை வானத்தைப் பற்றியதல்ல, ரோட்டைப் பற்றியது. மட்டக்களப்புத் திமிலைதீவில் நமக்கொரு விமான நிலையம் இருக்கிறதுதான், ஆனால் அந்த ஓடுபாதை பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது. அதனால் கட்டுநாயக்கவுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் வான் பிடித்து ரோட்டால் போயே ஆக வேண்டும், அதற்கு 8 மணித்தியாலம் வையுங்கள். பொலன்னறுவை, ஹபரணைப் பக்கம் இருட்டினால் யானை ரோட்டுக்கு வரும், சாரதியை அவசரப்படுத்தவே வேண்டாம். விமானம் ஏற 3 மணித்தியாலம் முன்னதாக, அதாவது இரவு 1 மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்றால், வழித் தாமதத்துக்கும் 2 மணித்தியாலம் சேர்த்து, முதல்நாள் பின்னேரம் 3 மணிக்கே வீட்டிலிருந்து வெளிக்கிடுங்கள். அப்படிப் பார்த்தால் அம்மாவின் பயணம் 18 மணித்தியாலம், அதில் பறப்பது ஐந்துதான்.

இன்சுலினுக்கு இந்த 18தான் கணக்கு. எல்லா நேரத்தையும் இலங்கை மணியில் ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பியோடு வைத்தியரிடம் காட்டி, எந்த ஊசியை எப்போது, எவ்வளவு போடுவது என்று கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். மருந்துக்கு அவரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் கீழே குளிரில் உறைந்து பழுதாகலாம். வழியில் சாப்பிட பிஸ்கட்டும், சீனி இறங்கினால் வாயில் போட இனிப்பும் அதே பையில் இருக்கட்டும்.

அப்புறம், டோஹா விமான நிலையத்தில் நடை அதிகம். சக்கர நாற்காலிக்கு இப்பவே சொல்லி வைக்கும்படி தம்பியிடம் சொல்லுங்கள்.