அக்காகிட்ட கேளுங்க: "நீ இரு, ஆனா பேசாத"

கேள்வி: அக்கா, நான் மார்த்தாண்டம் பக்கம், அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரி ஆலைல வேலை. பத்து வருஷமா எங்க ஊர் பெண்கள் சங்கத்துல இருக்கேன், சீதனக் கேஸு, குடிகாரப் புருஷன் கேஸுன்னு ஸ்டேஷன் வாசல்ல எத்தனை ராத்திரி நின்னுருக்கேன். நானும் தோழியும் நாலு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், ஊருக்குத்தான் தோழி, நாங்க ஜோடி. மீட்டிங் முடிஞ்சதும் யாராவது எங்களுக்கு மாப்பிள்ளை பேச ஆரம்பிப்பாங்க, அவ கட்டஞ்சாயா ஆத்திக்கிட்டே தலை குனிஞ்சுப்பா, அண்டி உடைச்சு கறுத்துப்போன அவ விரலையே நான் பார்த்துட்டு இருப்பேன். போன மாசம் மூத்த அக்கா ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன். கட்டிப்புடிச்சாங்க. அப்புறம், "நீ இரு மக்களே, ஆனா மீட்டிங்ல பேசாத, முதல்ல சீதனத்தை முடிப்போம்"னாங்க. கோவப்படணுமா, பொறுத்துப்போகணுமா?
- பெயர் வேண்டாம், குமரி மாவட்டம்

பதில்: கோவப்படுங்க தங்கச்சி, அந்த அக்கா மேல மட்டும் ரொம்ப வேண்டாம், கட்டிப்புடிச்சாங்கல்ல. அந்த "ஆனா"தான் இடிக்குது. நம்ம ஊருக்கு அது புதுசா என்ன? தோள்சீலைக்காக அடிபட்டு மிதிபட்டு கடைசில 1859ல திருவிதாங்கூர் ராஜா உத்தரவு போட்டாரு, நாடார் பெண்கள் மாரை மறைக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாதுன்னு. உங்க மீட்டிங்லயும் அதே உத்தரவுதான், ராஜாவுக்குப் பதிலா அக்கா.

பெரிய பெரிய தலைவிங்களே சறுக்குன இடம் இது. அமெரிக்காவுல பெண்கள் இயக்கத் தலைவி பெட்டி ஃப்ரீடன் 1969ல இயக்கத்துக்குள்ள இருந்த லெஸ்பியன்களை "லாவண்டர் ஆபத்து"ன்னாங்க, எல்லாம் பேரு கெட்டுருமேங்கிற பயம். அடுத்த வருஷம் மே 1, நியூயார்க்ல பெண்கள் மாநாடு, திடீர்னு லைட் ஆஃப், திரும்ப எரிஞ்சா அந்த லெஸ்பியன் பெண்கள் அதே பட்டப்பேரை டீஷர்ட்ல போட்டுக்கிட்டு வரிசையா நிக்கிறாங்க! இங்கயும் 1998 டிசம்பர்ல, ரெண்டு பெண்களோட காதலைச் சொன்ன ஃபயர் படத்துக்காக தியேட்டரை நொறுக்கினப்போ, டெல்லில எதிர்த்து நின்ன கூட்டத்துல லெஸ்பியன்னு எழுதின அட்டையும் இருந்துச்சு, அதுக்கப்புறம்தான் லெஸ்பியன் உரிமைக்குன்னே அங்க ஒரு பிரச்சாரக் குழு வந்துச்சு.

சீதனத்தை முடிச்சுட்டு வர்றதுக்கு இது வேற கேஸும் இல்ல. கல்யாணம் வேண்டாம்னு சொல்ற பொண்ணை வீட்டுல பூட்டி வச்சா வாசல்ல போய் நிக்கிறது உங்க சங்கத்துக்குத் தெரிஞ்ச வேலைதான? உங்கள மாதிரி ஜோடி ரெண்டுபேரும் மேஜர், விருப்பப்பட்டு சேர்ந்திருக்காங்கன்னா, காணோம்னு வந்த புகாரை போலீஸ் முடிச்சுட்டு தொந்தரவு பண்ணாம விடணும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் 2021லயே சொல்லியாச்சு. 2025 மே மாசம் அதே கோர்ட், குடும்பம் அமைக்க கல்யாணம் மட்டும்தான் வழின்னு இல்லன்னுச்சு, வீட்டுல அடைச்சு வச்சிருந்த பொண்ணு விஷயத்துல. மீட்டிங்ல இதை சட்ட விஷயமா எடுத்துப் போடுங்க, உங்க கதைய சொல்லாமலே பேச்சு ஆரம்பிச்சிரும்.

ஒண்ணு கேக்கணும். உங்க ஜோடிகிட்ட கேட்டுட்டுதான் அந்த அக்காகிட்ட சொன்னீங்களா? கடிதத்துல அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு ஒரு வரிகூட இல்லையே. வாடகை வீடுன்னா ஓனர் காதுக்குப் போனா என்னாகும்னும் ரெண்டுபேரும் உக்காந்து பேசிக்கோங்க, உங்க ஜோடி வேண்டாம்னா அதோட நிறுத்திக்கோங்க.

சரின்னாங்கன்னா அந்த அக்காவை ஒரு ஞாயித்துக்கிழமை கிழங்கும் மீன்கறியும் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிடுங்க, ரெண்டுபேருமா பரிமாறுங்க. அன்னிக்கு என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க.