பாப்பிரஸ் கோரையும் அதன் சதுப்பும்: கேள்வி பதில்

பழங்காலத்தில் எகிப்தில் எழுதும் தாள் செய்யப் பயன்பட்ட பாப்பிரஸ் கோரையைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, உகாண்டாவிலும் கென்யாவிலும் சதுப்புநிலத் தாவரங்களோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

முருகேசன், முசிறி: எங்கள் பக்கம் பாய்க்கோரை போடுகிறோம். பாப்பிரஸும் அதே இனமா, அல்லது சம்பு வகையா?

உங்கள் கோரைக்கு உறவுக்காரர்தான். இரண்டும் சைபரஸ் என்ற ஒரே பேரினம். சம்பு வேறு குடும்பம். சந்தேகமாக இருந்தால் தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள். கோரைக் குடும்பம் என்றால் பெரும்பாலும் மூன்று பட்டை விரலில் தட்டுப்படும், இடையில் கணு இருக்காது, ஒடித்தால் உள்ளே பஞ்சு போன்ற வெள்ளைச் சோறு நிறைந்திருக்கும். புல் என்றால் தண்டு உருண்டையாக, கணுக் கணுவாக இருக்கும்.

பாப்பிரஸின் விசேஷம் உயரம். நல்ல சதுப்பில் நாலு, ஐந்து மீட்டர் வரை போகும். அவ்வளவு உயரத்திலும் இலை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அடியில் பழுப்பு நிற உறைகள் மட்டும் தண்டைச் சுற்றியிருக்கும். பச்சைத் தண்டும் உச்சியில் விரிந்து தொங்கும் நூல் கற்றையும்தான் வெயிலைப் பிடித்து உணவு தயாரிக்கின்றன.

ஃபாத்திமா, காயல்பட்டினம்: பாப்பிரஸ் காடே தண்ணீரில் மிதக்கும் என்று படித்தேன். எப்படி? அதன் மேல் நடக்க முடியுமா?

மிதக்கும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கரையோரச் சேற்றில் முளைக்கும் பாப்பிரஸ், கிழங்குத் தண்டைத் தண்ணீர்ப் பக்கமாக நீட்டிக்கொண்டே போகும். அந்தத் தண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். காய்ந்து விழுந்த தட்டைகளும் பாதி மட்கிய வேர்களும் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் தடிமனான ஒரு மெத்தை உருவாகிவிடும். தண்டு, கிழங்கு, வேர் எல்லாவற்றிலும் காற்றறைகள் இருப்பதால் மெத்தை மூழ்காது. வேர்கள் மண்ணைத் தொடாமல் தண்ணீரிலேயே தொங்கும். ஏரி மட்டம் ஏறினால் மெத்தையும் கூடவே ஏறும். புயல்காற்று அடித்தால் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு தீவாக நடு ஏரிக்குப் போய்விடுவதும் உண்டு.

நடக்கலாம், பழக்கமுள்ளவர் கூட இருந்தால் மட்டும். தட்டைகளை வெட்டிக் குறுக்கே போட்டு, அதன் மேல்தான் கால் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் கொஞ்ச நேரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிடும். ஒவ்வோர் அடிக்கும் சற்றுத் தள்ளியிருக்கும் தண்டுகள் தலையாட்டும். மேலே கற்றைகள் கூடி நிற்பதால் உள்ளே வெளிச்சம் மங்கல், காற்றே வராது. அடியில் கறுத்த தண்ணீர், அழுகிய முட்டை வாடை.

மண்ணைத் தொடாத செடி சத்துக்கு என்ன செய்யும்? ஓடிவரும் தண்ணீரில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், எடுத்ததை விடாது. தண்டு முதிர்ந்து காயும்போது அதிலுள்ள தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பெருமளவு கிழங்குக்கு இறங்கிவிடும், அடுத்த குருத்து அதை வைத்து எழும்பும். கரும்பு, மக்காச்சோளம் போல இதற்கும் சி4 வகை ஒளிச்சேர்க்கை, அதாவது கடும் வெயிலிலும் வெப்பத்திலும் திறமையாக உணவு தயாரிக்கும் முறை. நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஆண்டு முழுக்க வெயிலும் தண்ணீரும் கிடைப்பதால் வளர்ச்சி நிற்பதே இல்லை.

ஜோசப், மன்னார்: அந்தக் கறுப்புத் தண்ணீரில் மீன் இருக்குமா?

இருக்கும். அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. அதனால் மேலே வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கும் நுரையீரல் மீனும் சில கெளிறு வகைகளும் அங்கே தாக்குப்பிடிக்கின்றன. 1950களில் விக்டோரியா ஏரிப் பகுதியில் நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டைமீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அது ஏரியின் சொந்த மீன்கள் பலவற்றைத் தின்று அழித்தது. அந்த மீனுக்கோ ஆக்சிஜன் நிறைய வேண்டும், சதுப்புக்குள் வர முடியாது. குறைந்த ஆக்சிஜனைத் தாங்கத் தெரிந்த சின்ன மீன்களுக்குப் பாப்பிரஸ் ஓரங்கள் அடைக்கலமாகிவிட்டன. இதை அறியாமல் கரையைச் 'சுத்தம்' செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

சிவகுமார், சென்னை: பாப்பிரஸ் மிக அதிகமாக இருப்பது எங்கே?

தெற்கு சூடானில், வெள்ளை நைல் பரந்து விரியும் சட் சதுப்பில். ரோமப் பேரரசர் நீரோ நைலின் மூலத்தைத் தேட அனுப்பிய வீரர்கள், செடி அடைத்துக்கொண்டு படகு போக வழியில்லாத சதுப்பைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அது இந்தச் சட் சதுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது பலருடைய கருத்து. உள்ளே வரும் தண்ணீரில் ஏறக்குறையப் பாதி ஆவியாகப் போய்விடுகிறது. அதை 'வீண்' என்று கணக்குப் போட்டு, சதுப்பைச் சுற்றிக்கொண்டு தண்ணீரை வடக்கே கொண்டுபோக ஜோங்லேய் கால்வாயை 1978-ல் வெட்டத் தொடங்கினார்கள். சுமார் 360 கிலோமீட்டரில் பெரும்பகுதி வெட்டிய பிறகு உள்நாட்டுப் போரால் வேலை நின்றது. அந்தப் பள்ளம் இன்னும் அப்படியே கிடக்கிறது. சதுப்பில் மீன் பிடிப்பவர்களும் வெள்ளம் வடிந்ததும் அங்கே மாடு மேய்ப்பவர்களும் அந்தத் தண்ணீரை வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

சட் தவிர, விக்டோரியா ஏரியைச் சுற்றி, எத்தியோப்பியாவின் தானா ஏரியில், போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ ஆற்றின் மேல்பகுதியில் எல்லாம் உண்டு. இயற்கையாக வளரும் வடக்கு எல்லை என்று இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கைச் சொல்வார்கள். அந்தச் சதுப்பை 1950களில் வடித்துவிட்டார்கள். பிறகு மட்கிய செடிகளால் ஆன கரிமண் காய்ந்து தீப்பிடித்தது, புழுதி பறந்தது. 1994-ல் ஒரு பகுதிக்குத் திரும்பத் தண்ணீர் விட்டார்கள்.

கீதா, மதுரை: எகிப்தில் இப்போது இல்லை என்கிறார்களே, உண்மையா?

காட்டுச்செடியாக அநேகமாக இல்லை. நைல் கழிமுகச் சதுப்புகள் வயலாகிவிட்டன. காகிதம் வந்த பிறகு, பத்தாம் நூற்றாண்டு வாக்கில், பாப்பிரஸைப் பயிராகக் காப்பாற்ற ஆள் இல்லாமல் போனது. 1960களில் ஹசன் ரகாப் என்பவர் சூடானிலிருந்து செடி கொண்டுவந்து கெய்ரோவில் வளர்த்தார். தண்டின் சோற்றைப் பட்டை பட்டையாகச் சீவி, ஒரு வரிசை நெடுக்காகவும் மேலே ஒரு வரிசை குறுக்காகவும் அடுக்கி, அழுத்திக் காயவைத்துத் தாள் செய்யும் முறையையும் அவர் மீட்டெடுத்தார்.

ரவி, கம்பாலா (உகாண்டா): இங்கே பாப்பிரஸை வெட்டிவிட்டுச் சேம்பும் கரும்பும் போடுகிறார்கள். ஏழைகள் பிழைப்பு அது, தப்பு சொல்லலாமா?

அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் இழப்பு என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஊர்க் கழிவுநீர் நகிவுபோ கால்வாய் வழியாகப் போய் விக்டோரியா ஏரியின் மர்ச்சிசன் விரிகுடாவில் விழுகிறது. இடையில் இருக்கும் சதுப்புதான் அந்தக் கழிவிலிருந்து சத்தையும் கிருமிகளையும் ஓரளவு பிடித்து வைக்கிறது. அதே விரிகுடாவில் கப்பா என்ற இடத்தில் நகரத்துக்குக் குடிநீரும் எடுக்கிறார்கள். சேம்பு போட்ட இடத்தில் கழிவுநீர் வாய்க்காலாக நேரே ஓடிவிடும், மிதக்கும் மெத்தைக்கு அடியில் மெதுவாகப் பரவிப் போகாது.

அதற்காக வெட்டவே கூடாது என்பதல்ல. பாய், கூரை, கயிறு, அடுப்பெரி எல்லாவற்றுக்கும் அங்கே பாப்பிரஸ்தான். முன்னே சொன்ன சத்து இறங்கும் விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டைப் பச்சையாக வெட்டினால் அதிலிருக்கும் சத்து கிழங்குக்குப் போகாது, உங்களோடு வந்துவிடும். ஆண்டுக்கு ஒரு தடவை, திட்டுத் திட்டாக வெட்டினால் செடி தேறிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மொட்டையடித்தால் தண்டு மெலிந்து, மெத்தை பிய்ந்துபோகும். பாய் முடையும் வயதான பெண்கள் பலர் முற்றிய தண்டை மட்டும் பார்த்து எடுப்பார்கள். அந்தப் பழக்கத்தை விதியாக்கினாலே போதும் என்பது என் கருத்து. சதுப்பை வடிப்பதும் தீ வைப்பதும் வேறு, அதற்கு நான் சமாதானம் சொல்லத் தயாரில்லை.

நிலா, கோவை: பாப்பிரஸில் மட்டும் வாழும் பறவை உண்டா?

பாப்பிரஸ் கொனோலெக். மஞ்சள் உச்சி, கறுப்பு முதுகு, சிவந்த அடிப்பக்கம். இந்தச் சதுப்பை விட்டு வெளியே வருவதே அபூர்வம். முதலில் குரல்தான் கேட்கும், பறவை கண்ணில் படப் பொறுமை வேண்டும். காலணி போன்ற பெரிய அலகுள்ள ஷூபில் பறவையைப் பார்க்க உகாண்டாவின் மபம்பா சதுப்புக்குப் போங்கள்.

அருண், கொச்சி: பாப்பிரஸ் தாளுக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

நல்ல தொடர்பு உண்டு. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழைய முசிறித் துறைமுகத்திலிருந்து, அதாவது காவிரிக்கரை முசிறி அல்ல, உங்கள் பெரியாற்றுப் பக்கத்திலிருந்து, எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குச் சரக்கு போனது சம்பந்தமான கடன் ஒப்பந்தம் அது. கப்பலின் பெயர் ஹெர்மபொல்லோன். சேர நாட்டுச் சரக்கின் கணக்கை நைல் கரைக் கோரையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

உமா, திருச்சி: நர்சரியில் பாப்பிரஸ் என்று ஒரு செடி வாங்கினேன். குடை மாதிரி இலை இருக்கிறது. சரியான செடிதானா?

இல்லை. உச்சியில் தட்டையான, பட்டை இலைகள் குடைக்கம்பி போல நின்றால் அது குடைக்கோரை என்ற வேறு இனம். பாப்பிரஸின் உச்சியில் நூற்றுக்கணக்கான மெல்லிய நூல்கள் இருக்கும், பந்து போல விரியும். எதுவானாலும் நல்ல வெயிலில் வையுங்கள். தொட்டியின் அடி எப்போதும் தண்ணீரில் இருக்கட்டும், தண்டு பழுத்தால் அடியோடு வெட்டுங்கள். பெருகிவிட்டது என்று அதிகப்படியை ஏரியிலோ வாய்க்காலிலோ போட்டுவிடாதீர்கள். நன்றாகக் காயவைத்து உரக்குழியில் சேருங்கள்.