டிஜாக்சின் என்ற இதய மருந்தைக் கொடுக்கும் முன் எந்த நாடித்துடிப்பை நம்புவது?

மணிக்கட்டில் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கியதில் 56 வந்தது, சீனியர் சிஸ்டர் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ணியதில் 78 வந்தது, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நோயாளிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பதாகவும் சொல்கிறீர்கள். காரணம் அதுதான், உங்கள் விரல்மேல் சந்தேகம் வேண்டாம்.

அந்த நிலையில் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். சில துடிப்புகளில் இரத்தம் போதுமான அளவு நிரம்பும் முன்பே இதயம் சுருங்கிவிடுவதால், அந்த அலை மணிக்கட்டு வரை வந்து சேராது. அதனால் டிஜாக்சினுக்கு மார்பில் எண்ணுவதுதான் முறை: இடதுபக்கம் ஐந்தாவது விலா இடைவெளி, காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே. முழுசாக 60 நொடி எண்ணுங்கள், பெருக்கல் கணக்கே வேண்டாம். இருவர் ஒரே நேரத்தில் மார்பிலும் மணிக்கட்டிலும் எண்ணினால் கிடைக்கும் வித்தியாசத்தையும் சார்ட்டில் எழுதுங்கள், டாக்டருக்கு அது முக்கியம்.

பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் வழக்கமாக மருந்தைக் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்வோம். அவர் வேறு வரம்பு எழுதியிருந்தால் அதன்படி.

அப்புறம், 78 என்று பார்த்ததும் மாத்திரையை நீட்டிவிடாதீர்கள். பசி குறைந்திருக்கிறதா, குமட்டுகிறதா, பார்வை மஞ்சளாகத் தெரிகிறதா என்று கேளுங்கள், இவை டிஜாக்சின் நச்சாவதன் அறிகுறிகள். ஃப்யூரோசமைடு மாதிரி நீர் மாத்திரையும் எடுக்கிறார் என்றால் பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பாருங்கள். பொட்டாசியம் குறைந்தால் வழக்கமான டோஸே நச்சாகலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டரைக் கூப்பிடுங்கள்.