1450-இல் உலகம்: பழைய வரைபடத்தில் நாடுகளைக் கண்டுபிடிக்கப் பழகுவது எப்படி?

கேள்வி: இன்றைய உலக வரைபடத்தைக் கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லா நாடுகளையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இடைக்காலத்தின் பிற்பகுதியைப் பற்றிய வரைபட வினாடி வினா என்றால் பாதியைக்கூடத் தாண்ட முடிவதில்லை. இத்தனை அரசுகளை எப்படி மனதில் இருத்துவது? எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு போட்டி நடத்தவும் ஆசை. (ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்:

முதலில் ஓர் ஆண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடைக்காலத்தின் பிற்பகுதி என்றால் ஏறத்தாழ 1300 முதல் 1500 வரை. இந்த 200 ஆண்டுகளில் உலகம் தலைகீழாக மாறிவிட்டது. 1300-இல் சீனாவை மங்கோலியரின் யுவான் வம்சம் ஆள்கிறது, டெல்லியில் கில்ஜிகள், மதுரையில் பாண்டியர். 1400-இல் சீனாவில் மிங் வம்சம், தென்னிந்தியாவில் விஜயநகரமும் பாமினியும், நடு ஆசியாவில் தைமூர். இரண்டையும் ஒரே மூச்சில் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஆண்டு குறிப்பிடாத வினாடி வினாவை ஒதுக்கிவிடுங்கள், அதில் தோற்றால் உங்கள் மேல் தவறில்லை.

நான் சொல்வது 1450. பழையவை இன்னும் விழவில்லை, புதியவை பிறந்துவிட்டன. பைசாந்தியப் பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) உதுமானியத் துருக்கியரிடம் விழ இன்னும் 3 ஆண்டுகள் இருக்கின்றன. ஸ்பெயினின் தெற்கில் கிரனாடா சுல்தானகம் 1492 வரை நிற்கும். இங்கிலாந்து 1450-இல்தான் வட பிரான்சின் நார்மண்டியை இழக்கிறது, ஆனாலும் பிரான்சின் தென்மேற்கில் கஸ்கனி அதன் கையில்தான். இந்த ஒன்றை நன்றாகப் படித்துவிட்டால் 1400-க்கும் 1500-க்கும் நகர்வது சுலபம்.

அடுத்தது, எல்லைக்கோடுகளை மனப்பாடம் செய்யாதீர்கள். அரசர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று படியுங்கள். வரைபடத்தில் நீங்கள் பார்க்கும் அழுத்தமான கோடுகள் பெரும்பாலும் இன்றைக்கு வரைபவர்கள் போட்டவை. அன்றைய ஆட்சி தலைநகரில் வலுவாக இருக்கும், தூரம் போகப் போகத் தேயும். நடுவில் கப்பம் கட்டும் சிற்றரசர்கள், இரண்டு பேருக்கும் கப்பம் கட்டுபவர்கள்கூட உண்டு.

டெல்லியைப் பாருங்கள். பல வரைபடங்களில் 'டெல்லி சுல்தானகம்' என்று வட இந்தியா முழுக்க ஒரே வண்ணம் பூசியிருக்கும். 1450-இல் அங்கே சையது வம்சத்தின் கடைசி சுல்தான் ஆலம் ஷா. அவர் தலைநகரையே விட்டுவிட்டு பதாவூனில் போய்த் தங்கிவிட்டார். 'ஷா ஆலமின் ராஜ்யம் டெல்லியிலிருந்து பாலம் வரை' என்ற சொலவடையை அவர் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். பாலம் இன்றைய விமான நிலையத்துப் பக்கம். அடுத்த ஆண்டே பஹ்லூல் லோடி அரியணை ஏறினார். சுற்றிலும் ஜௌன்பூரில் ஷர்கிகள், மாண்டுவில் மால்வா சுல்தான், அகமதாபாத்தில் குஜராத் சுல்தான், மேவாரில் ராணா கும்பா, காஷ்மீரில் சைனுல் ஆபிதீன். கிழக்கே வங்காள சுல்தானகம், ஒரிசாவில் கஜபதி கபிலேந்திரர். தெற்கே பீதரில் பாமினி, அதற்குக் கீழே விஜயநகரம். நீங்கள் இருக்கும் கொங்குப் பகுதியும் அன்று விஜயநகரத்தின் கீழ்தான். பாண்டியர் முடிந்துபோனார்கள் என்று பலரும் நினைக்கும் காலம் இது. ஆனால் தென்காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியர் அப்போது ஆட்சியில் இருந்தார். இலங்கையில் கோட்டை என்ற நகரைத் தலைநகராகக் கொண்ட ஆறாம் பராக்கிரமபாகு ஏறக்குறைய அதே காலத்தில் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார். பிள்ளைகளுக்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தெரிந்த ஊர்களில் கால் பதித்துவிட்டால் தொலைவு பயமுறுத்தாது.

பிறகு மிளகின் பின்னாலேயே போங்கள். கோழிக்கோட்டில் சாமூதிரி மன்னர். அங்கிருந்து மேற்கே கடல் கடந்தால் ஏடன் துறைமுகம், அது ஏமனின் ரசூலித் வம்சத்தின் கையில். செங்கடல் ஏறினால் கெய்ரோவில் மம்லூக் சுல்தான்கள். எகிப்தும் சிரியாவும் மக்கா மதீனாவும் அவர்கள் பிடியில். அலெக்சாண்ட்ரியாவில் சரக்கு வாங்கக் காத்திருப்பவர்கள் வெனிஸ் வணிகர்கள். ஒரே மூட்டை மிளகு நான்கு அரசுகளைக் காட்டிவிட்டது! கிழக்கே திரும்பினால் மலாக்கா, இன்றைய தாய்லாந்தில் அயுத்தியா, ஜாவாவில் தளர்ந்துகொண்டிருக்கும் மஜபாஹித், இன்றைய வியட்நாமில் 1471-இல் தலைநகரை இழக்கப்போகும் சம்பா, அப்புறம் மிங் சீனா, ரியூக்கியூ தீவுகள், அஷிகாகா ஷோகுன்கள் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட ஜப்பான். இந்தக் கடல்வழியில் தமிழுக்கு இருந்த இடத்தையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கையின் காலி நகரில் வைத்த 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் இருக்கிறது.

சீனாவை 'பெரிய நாடு, தெரிந்த நாடு' என்று தாண்டிவிடாதீர்கள். 1449-இல் மிங் பேரரசர் செங்டாங் தானே படை நடத்திப் போய், தூமூ என்ற இடத்தில் ஒய்ராத் மங்கோலியரிடம் சிறைப்பட்டார். பெய்ஜிங்கில் இருந்தவர்கள் அவருடைய தம்பியை அரியணையில் ஏற்றினார்கள். ஒய்ராத் தலைவர் எசென் நகரை முற்றுகையிட்டும் பலிக்கவில்லை. 1450-இல் பேரரசரைத் திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவரைத் தம்பி காவலில் வைத்தார், 1457-இல்தான் அவருக்கு மீண்டும் அரியணை கிடைத்தது. இந்தக் கதை தெரிந்தவர் மங்கோலியப் புல்வெளிக்கு ஒருநாளும் மிங் என்று பெயர் எழுத மாட்டார். பக்கத்தில் கொரியாவின் ஜோசன் அரசு. கொரிய எழுத்தை உருவாக்கிய மன்னர் செஜோங் இறந்ததும் 1450-இல்தான்.

ஐரோப்பாவில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் என்ற பெயர்களில் அன்று தனி அரசுகள் கிடையாது. ஐபீரியாவில் (இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள தீபகற்பம்) போர்ச்சுகல், காஸ்டில், அரகான், நவார், கிரனாடா என்று ஐந்து. அரகான் மன்னர் அல்போன்சோ 1442-இல் நேப்பிள்ஸைப் பிடித்த பிறகு அங்கேயே தங்கிவிட்டார், எனவே இரண்டையும் ஒரே கையில் வைத்துப் படியுங்கள். இத்தாலியில் மிலான், வெனிஸ், புளோரன்ஸ், போப்பின் நாடு, நேப்பிள்ஸ் போதும். இன்றைய ஜெர்மனியையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொண்ட புனித ரோமப் பேரரசுக்குள் நூற்றுக்கணக்கான சிற்றரசுகள் உண்டு. ஆஸ்திரியா, பொகீமியா, சாக்சனி, பிராண்டன்பர்க் தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். உதுமானியரின் தலைநகர் எதிர்னே. இதைக் கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் இஸ்தான்புல் என்பார்கள்.

ஆப்பிரிக்காவையும் அமெரிக்காவையும் பல வினாடி வினாக்கள் வெறுமையாக விட்டுவிடுகின்றன. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். எத்தியோப்பியாவில் பேரரசர் சாரா யாக்கோப் ஆண்டுகொண்டிருந்தார். மேற்கே மாலி தேய, சொங்காய் தலையெடுக்கிறது. பெனினும் கொங்கோவும் இருந்தன. மெக்சிகோவில் 1428-இல் மூன்று நகர அரசுகள் சேர்ந்து உருவான அஸ்டெக் முக்கூட்டு. பெருவில் இன்கா மன்னர் பச்சகூத்தி தன் அரசை விரித்துக்கொண்டிருக்கிறார், ஆனால் கடற்கரையில் சிமு அரசு இன்னும் விழவில்லை. இவற்றைக் கட்டாயம் சேருங்கள்.

சரி, உங்களை நீங்களே சோதிப்பது எப்படி? திரையில் கிளிக் செய்து பழகாதீர்கள். அதில் மிச்சமிருப்பதை வைத்து ஊகித்துவிடலாம். கடையில் கிடைக்கும் உலக வரைபடத் தாள் ஒன்றை எடுத்து, 30 தலைநகரங்களைப் புள்ளியாகக் குறியுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் யார் ஆட்சி என்று எழுதுங்கள். ஒரு வாரம் விட்டு, பார்க்காமல் மறுபடி செய்யுங்கள். புள்ளிகள் நிலைத்த பிறகு, 1500-இல் இவற்றில் எவை இல்லை என்று சிவப்பில் அடித்துப் பாருங்கள். நீங்கள் உண்மையிலேயே புரிந்துகொண்டீர்களா என்பதை அந்தச் சிவப்புக் கோடுகள் காட்டிவிடும்.

பிள்ளைகளின் போட்டிக்கு 'இருந்ததா, இல்லையா?' என்ற சுற்று நன்றாக எடுபடும். 1450 என்று சொல்லிவிட்டுப் பெயர்களை வாசியுங்கள். முகலாயர்? இல்லை, 1526-இல்தான். சோழர்? இல்லை. கிரனாடா? இருந்தது. பாரசீகத்தின் சபாவிகள்? இல்லை, 1501. தென்காசிப் பாண்டியர்? இங்கேதான் வகுப்பில் சத்தம் கிளம்பும். இரண்டாம் சுற்றில் ஒரு நகரைச் சொல்லி, ஆட்சியாளரைக் கேளுங்கள்.

தகராறு வரும் கேள்விகளை முன்பே தெரிந்துவைத்திருங்கள். நார்வே தனி நாடா, டென்மார்க்கோடு சேர்ந்ததா? 1450-இல் டென்மார்க் மன்னர் கிறிஸ்டியனே நார்வேக்கும் அரசரானார். ஸ்வீடனில் தனி மன்னர். போலந்தும் லித்துவேனியாவும் இரண்டு அரசுகள், ஆனால் ஆண்டவர் ஒருவரே, நான்காம் காசிமிர். இப்படிப்பட்ட இடங்களில் இரண்டு விடைகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். 'ஏன் அப்படி?' என்பதற்கு ஒரு வரி சொல்லும் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண் கொடுங்கள்.